எழுதுற கை

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. இல்ல, வேண்டாம், நீங்க இருங்க, நான் நிக்கிறேன். காலைல எட்டு மணில இருந்து இந்தத் தகரக் கொட்டகைல உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு. அந்தச் சுவர்க் கடிகாரம் ஓடுதா நின்னுபோச்சான்னு பாத்துச் சொல்லுங்க. ஓடுதா? எனக்கென்னமோ ரொம்ப நேரமா பதினொண்ணே காலையே காட்டிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு. ஷிப்டு எப்ப விடும்? பன்னெண்டுக்கா? இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

உங்க மக இங்க மூணு வருசமா இருக்காளா? அப்ப இந்த மில்லு வழக்கமெல்லாம் உங்களுக்கு அத்துப்படியா இருக்கும். உங்ககிட்ட பெத்தவங்களுக்குன்னு குடுக்கிற போட்டோ ஒட்டுன கார்டு இருக்கு, முறுக்கு டப்பாவ மடில வச்சுக்கிட்டு நிம்மதியா உக்காந்திருக்கீங்க. எனக்கு அது இல்ல பாருங்க. வாட்ச்மேன்கிட்ட நான் இன்னார், டீச்சர், இத்தனை தூரத்துல இருந்து வர்றேன்னு எல்லாம் சொல்லியாச்சு. மரியாதையாத்தான் பேசினாரு. ஆனா கார்டு இல்லாத ஆளு வந்தா இங்க ஒரு முறை வச்சிருக்காங்களாம். ஷிப்டு முடிஞ்சு பிள்ளைக கம்பிக் கதவுக்கிட்ட வர்றப்ப நிறுத்தி, இவங்கள யாருக்குத் தெரியும்னு கேப்பாங்களாம். தெரிஞ்ச பிள்ளை கையத் தூக்கினா உள்ள விடுவாங்க. யாரும் தூக்கலன்னா வந்த பஸ்ஸப் பிடிச்சுத் திரும்ப வேண்டியதுதான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்னய்யான்னு கேட்டேன். பேரு யாரு வேணா சொல்லுவான் டீச்சர், பிள்ளைக்கு ஆளத் தெரியணும்லனாரு. அதுவும் நியாயந்தான்.

என் மக இல்லக்கா. என்கிட்ட படிச்ச பிள்ளை, சீனியம்மாள்னு பேரு. ஒன்பதாவது முடிச்ச கையோட டி.சி. வாங்கிட்டு இங்க வந்துட்டா. அவளுக்கு எங்க பதினாறு வயசு? ஆனதா எழுதிச் சேத்திருக்காங்க. நாளைக்குக் காலைல பிரேயருக்குள்ள அவள எங்க பெரிய டீச்சர், எச்செம் ரூம்ல கொண்டுபோய் நிறுத்தணும். நிறுத்தினா பத்தாவதுல சேத்துக்கிடுறேன்னு எச்செம் ஒத்துக்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமை பரீட்சைக்குப் பேர்ப் பட்டியல் போயிருது. அதுக்கப்புறம் யார் தலையால தண்ணி குடிச்சாலும் நடக்காது. அவ அப்பாவ நேத்தே போய்ப் பாத்துக் கடுதாசி வாங்கிட்டேன், இந்தா பையிலதான் இருக்கு. பிள்ள சரின்னா கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா விட்டுருங்கன்னுட்டாரு. ஆக மொத்தம் எல்லாம் இப்ப அவ வாயிலதான் இருக்கு.

வாட்ச்மேன் இந்தப் பக்கம் வர்றாரா? இல்ல, தண்ணி குடிக்கப் போறாரு.

யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் மறைக்கல, நடந்தத நடந்தபடி சொல்றேன். நான் இங்கிலீஷ் டீச்சர், இருபத்தாறு வருசம். இங்கிலீஷ்ல ஒரு விவகாரம் இருக்கு, சொன்னா சிரிப்பீங்க. எவ்ரிபடின்னு ஒரு வார்த்தை. எல்லாரும்னு அர்த்தம். எல்லாரும் வந்தாங்கன்னுதான நாம சொல்லுவோம்? வெள்ளக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். எல்லாரும்னு ஆரம்பிச்சுட்டு ஒத்த ஆளுக்குப் போடுற வினையப் போடுவான். எவ்ரிபடி இஸ். ஆர்னு எழுதினா மார்க்கு போச்சு. ஈச், எவ்ரிஒன், சம்ஒன், எனிபடி எல்லாம் ஒரே குடும்பம். ஆளே இல்லங்கறதுக்கு நோபடின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் ஒத்த ஆள் கணக்குதான், கொடுமையப் பாருங்க. மெனி, ப்யூ, போத் இதுகள்லாம் பன்மை. ஆல், சம், நன்னு மூணு இருக்கு, அதுக பின்னால வர்ற ஆளப் பாத்து எந்தப் பக்கம் வேணாலும் சாஞ்சுக்கிடும், எங்க எச்செம் மாதிரி.

ஒருமைன்னா ஒரு தட்டு, பன்மைன்னா ரெண்டு தட்டுன்னு கை தட்டிச் சொல்லிக் குடுப்பேன். எல்லாரும்னு சொல்லிட்டு ஏன் டீச்சர் ஒருமைன்னு பிள்ளைக கேக்கும். கூட்டமாப் பாக்காதங்கடி, ஒவ்வொருத்தியா முன்னால நிறுத்திப் பாருங்க, தனித்தனியாப் பாத்தா ஒருமைதான வரும்னு சொல்லுவேன். எப்பேர்ப்பட்ட மக்குக்கும் புரிஞ்சிரும். பெருமைக்குச் சொல்லல, இந்த ஒரு பாடத்துல என்னை அடிச்சுக்க எங்க வட்டாரத்துல ஆளில்ல.

இன்னொண்ணு சொல்றேன், உங்களோட வச்சுக்கோங்க. இன்ஸ்பெக்ஷன்னு ஆபீசருங்க வருவாங்க. வந்து ஒரு கேள்வி கேட்டா கிளாஸ் முழுக்கக் கை தூக்கணும். பாதிப் பிள்ளை கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா டீச்சருக்குத்தான் மெமோ. அதனால நாங்க ஒரு ஏற்பாடு வச்சிருப்போம். பதில் தெரிஞ்ச பிள்ளை எழுதுற கையத் தூக்கணும். தெரியாத பிள்ளை மத்த கையத் தூக்கணும். பாக்குற ஆபீசருக்கு ஐம்பத்தெட்டுக் கையும் மேல நிக்கும், மனசு குளிர்ந்துபோகும். நாங்க எழுதுற கை தூக்கினவளா பாத்து எழுப்புவோம். அவ டாண்ணு பதில் சொல்லுவா. நான் மட்டுமா செய்யறேன், நான் படிக்கிறப்ப எங்க டீச்சரும் இதத்தான் செஞ்சாங்க. பழக்கம் விட்டுப்போகக் கூடாதுல்ல, அதனால ஜூன் மாசத்துல இருந்தே தினம் அப்படித்தான் தூக்கச் சொல்லுவேன். நமக்கும் சௌகரியம். கேள்வி கேட்டு ஒரு பார்வை பாத்தா யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாதுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிரும்.

மணி என்னக்கா? அரையா? அப்பாடா.

இந்தச் சீனியம்மாள் ஜன்னலோரம் கடைசிக்கு முந்துன பெஞ்சு. என்ன கேட்டாலும் இடது கைதான் மேல நிக்கும். முதல் நாள் இடது கை. மறுநாள் இடது கை. காலாண்டு தாண்டியும் இடது கை. நான் என்ன நினைப்பேன்? மண்டைல ஒண்ணும் ஏறல போலன்னு நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான நினைப்பீங்க? தெரியாத பிள்ளைய எழுப்பி நாலு பேர் முன்னால நிக்க வச்சு அவமானப்படுத்தற ஆளு நான் இல்ல. அதனால அவள எழுப்பறதே இல்ல. கருணைன்னு வச்சுக்கோங்களேன்.

ஒரே ஒரு தடவ வலது கையத் தூக்கினா. ஆகஸ்டா செப்டம்பரா ஞாபகமில்ல, மழை பெஞ்சு கிளாஸே இருட்டா இருந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல, ஆகா இவளுக்கும் வந்துருச்சுடான்னு எழுப்பினேன். எந்திரிச்சு நின்னா. வாயத் திறக்கல. என்னையே பாக்குறா, கண்ணு கலங்குது. தெரியாம எதுக்குடி கையத் தூக்கினன்னு ரெண்டு வார்த்தை கூடத்தான் பேசிட்டேன். அன்னைக்கு உக்காந்தவதான், அதுக்கப்புறம் பழையபடி இடது கை.

பரீட்சைல மார்க்கு வரலயான்னு கேக்குறீங்க. கெட்டிக்காரிதான் நீங்க. வந்துச்சே. எழுபது, எழுபத்தஞ்செல்லாம் வந்துச்சு. ஆனா பக்கத்துல யாரு? வைஷாலி. வி.ஏ.ஓ. மக, கிளாஸ்ல முதல் மார்க்கு. ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அச்சு அசல் ஒண்ணு. தப்புகூட ஒரே இடத்துல. யாரு யாரப் பாத்து எழுதியிருப்பான்னு இதுக்குப் பஞ்சாயத்தா வைக்கணும்? சீனியம்மா பேப்பர்ல காப்பின்னு சிவப்பு மசில எழுதி மார்க்கக் கொறச்சேன். அப்பவாவது வந்து நான் காப்பி அடிக்கல டீச்சர்னு சொல்லலாம்ல? சொல்லல. வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு? இந்த வருசம் வைஷாலிக்கு முதல் டெஸ்ட்ல முப்பத்தெட்டு. அது வேற. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாம், அவங்க அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க.

ஜனவரில இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு. புதுசா வந்த அம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேல பாக்குற ஆளு. நான் ஈச், எவ்ரிஒன்தான் நடத்திக்கிட்டிருந்தேன், வேணும்னே அந்தப் பாடத்த அன்னைக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். அந்தம்மா திடீர்னு எந்திரிச்சு, நானே ஒண்ணு கேக்குறேன் டீச்சர்னுட்டாங்க. ஈச் ஆஃப் த கேர்ல்ஸ்னு போர்டுல எழுதி, இங்க ஹேவ் வருமா ஹேஸ் வருமான்னு கேட்டாங்க. ஐம்பத்தெட்டுக் கையும் மேல போச்சு. அந்தம்மா நேரா ஜன்னல் பக்கம் போயி, நீ சொல்லும்மான்னு சீனியம்மாவக் காட்டிட்டாங்க. இடது கை. மெமோ வந்துருச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அதுவும் கேர்ல்ஸ்னு பன்மை பக்கத்துலயே நிக்கிற இடம், நல்லாப் படிக்கிற பிள்ளையே வழுக்கி விழும்.

எந்திரிச்சா. ஹேஸ் மேடம்னா. ஏன்னு கேட்டாங்க.

"கேர்ல்ஸ் எத்தனை பேரு வேணாலும் இருக்கட்டும் மேடம். ஒவ்வொரு பிள்ளையா முன்னால நிறுத்தித் தனித்தனியாப் பாக்கணும். எங்க டீச்சர் அப்படித்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

அந்தம்மா என் கையப் பிடிச்சுக் குலுக்கினாங்க. வெரிகுட் டீச்சர்னு நோட்டுல எழுதி வச்சுட்டுப் போனாங்க. எச்செம் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? குருட்டாம்போக்குல சொல்லிட்டா, தப்பிச்சோம்டா சாமின்னு நினைச்சேன். அவளக் கூப்பிட்டு நல்லா சொன்னடின்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கலாம். டீ ஆறிருமேன்னு போயிட்டேன்.

இந்தக் கொட்டகைல ஒரு பேன் போட்டா என்ன கொறஞ்சா போயிருவாங்க? நீங்க குடிங்கக்கா, எனக்குத் தண்ணி வேண்டாம்.

ஏப்ரல்ல எச்செம் பட்டியல் கேட்டாங்க. அதென்ன பட்டியல்னு நீங்க கேக்கணும். பத்தாவதுல நூத்துக்கு நூறு பாஸ் காட்டணும்ல. தேறாத பிள்ளைகள ஒன்பதாவதோட அப்பா அம்மாவக் கூப்பிட்டுப் பேசி, டி.சி.யக் கையில குடுத்துருவாங்க. யாரும் விரட்ட மாட்டாங்க. பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்றோம்பாங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் டீச்சர் பேர் எழுதித் தரணும். நான் கண்ண மூடி யோசிச்சேன். கிளாஸ நினைச்சா எனக்கு முகம் வராதுக்கா, கைதான் வரும். ஜன்னலோரம் ஒரு இடது கை வந்துச்சு. சீனியம்மாள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவ அப்பா வந்தாரு, ஆடு மேய்க்கிற மனுசன். பேப்பர்ல நல்ல மார்க்கு வருதுன்னு பிள்ள சொல்லுச்சேன்னாரு. நான்தான் பதில் சொன்னேன். அது அவ மார்க்கு இல்ல, பக்கத்துப் பிள்ள மார்க்கு. படிப்பு வராதுண்ணே, வேற ஏதாச்சும் பாருங்கன்னேன். கும்பிட்டுட்டுப் போனாரு. அவ வராந்தால நின்னா. அவளும் அப்பா பின்னாலயே போயிட்டா. அங்கனதான் எனக்குக் கோவம். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டீச்சர், எனக்குத் தெரியும்னு ஒரே ஒரு வார்த்தை?

ஜூன் வந்துச்சு. புது ஒன்பதாவது. வழக்கம்போல, தெரிஞ்சவங்க எழுதுற கையத் தூக்குங்க, தெரியாதவங்க மத்த கையத் தூக்குங்கன்னேன். முன் பெஞ்சுல ஒரு குட்டிப் பிள்ள, பாத்தா ஆறாவது படிக்கிற மாதிரி இருக்கும், எந்திரிச்சு நிக்குது. டீச்சர் நான் இடது கையிலதான் எழுதுவேன், அப்ப தெரிஞ்சா இடது கையத்தான தூக்கணும்னு கேக்குது.

நான் ஆமான்னு சொல்லிட்டு போர்டு பக்கம் திரும்பினேன். திரும்பினவ திரும்புனபடியே நின்னுட்டேன். சாக்பீஸ் கையில இருக்கு, என்ன எழுத வந்தேன்னு தெரியல. நேரா பத்தாவது கிளாஸுக்குப் போனேன். அங்க மேத்ஸ் டீச்சர் நடத்திக்கிட்டிருந்தாங்க, ஒரு நிமிசம்னு சொல்லிட்டுப் பிள்ளைகளப் பாத்துக் கேட்டேன், சீனியம்மா எந்தக் கையிலடி எழுதுவான்னு.

"இடது கைதான் டீச்சர். எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியுமாம். ஐம்பத்தேழு பிள்ளைக்கும் தெரியும். ஆயாம்மாவுக்குத் தெரியும், சத்துணவுல சாப்பாடு போடுறவங்களுக்குத் தெரியும். நான் ஒருத்திதான். சரி, ஐம்பத்தெட்டுப் பேர்ல ஒவ்வொருத்தி எந்தக் கையில எழுதுறான்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்? நோட்டு திருத்துறது ஸ்டாப் ரூம்ல. டெஸ்ட் வைக்கிறப்ப நான் வாசல் பக்கம் நாற்காலிய போட்டு உக்காந்துக்கிடுவேன், முட்டி வலி. இல்ல, சொல்லுங்க, இதுல என் தப்பு எவ்வளவு? பாதியா? பாதிக்கும் கொறச்சலா? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க. அவளும் இப்படித்தான்.

பழைய பேப்பர் கட்டப் பிரிச்சுப் பாத்தேன். எழுத்தெல்லாம் பின்னால சாஞ்சிருக்கு, உள்ளங்கை பட்டு மசி இழுவியிருக்கு. வருசம் பூரா என் கைக்குள்ள கிடந்த பேப்பர். அன்னைக்கு ஆரம்பிச்சது எனக்கு, வீட்டுல ஒரு இடத்துல உக்கார முடியல, அடுப்புல பாலு பொங்கி வழியுது நான் வாசல்ல நிக்கிறேன். எச்செம்கிட்ட மூணு நாள் சண்ட. ஒத்தப் பிள்ளைக்காக ஏன் டீச்சர் இப்படிக் கிடந்து துடிக்கிறீங்கன்னு கேட்டாங்க. பட்டியல்ல ஒன்பது பேர் இருக்காங்க, ஒருத்தியச் சேத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களான்னாங்க. மத்த எட்டுப் பேரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்கள்லாம் நிசமாவே படிக்காதவங்களாத்தான் இருக்கும்.

ஒரு திட்டம் வச்சிருக்கேன். அவ வந்ததும் முதல் வேலையா வலது கையில எழுதப் பழக்கிடணும். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், நானே சொல்லித் தர்றேன். அப்ப இந்தக் குழப்பமே வராதுல்ல? ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கல? சரி.

சங்கு ஊதுது. விட்டாச்சு, விட்டாச்சு. சேலை கசங்கியிருக்கா பாருங்க. அந்தா வர்றாங்க. ஆத்தாடி, இத்தனை பேரா. எல்லாத்துக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, தலையெல்லாம் பஞ்சு. இதுல எப்படிக் கண்டுபிடிக்க. அந்த உசரமான பிள்ளையா? இல்ல, அது சிரிக்குது, அவ சிரிக்க மாட்டா. மூணாவது நிக்கிறது? அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கு முகம் தெரியல. ஒரு வருசம் என் முன்னால உக்காந்திருந்த பிள்ளை. மூக்குத்தி போட்டிருந்தாளா இல்லயான்னு கூடத் தெரியல.

வாட்ச்மேன் கேக்குறாரு. இந்த டீச்சரம்மாவ யாருக்குத் தெரியும், தெரிஞ்ச பிள்ளை கையத் தூக்குன்னு கேக்குறாரு. நான் கொஞ்சம் முன்னால போயி நிக்கிறேன். வெளிச்சத்துல நிக்கிறேன், அப்பத்தான் தெரியும். யாரும் தூக்கல. இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்கக்கா. பிள்ளைக பேசிக்கிட்டிருக்கு, காதுல விழுந்திருக்காது.

அதோ. அதோ பாருங்க, தூணுக்குப் பக்கத்துல, கை தூக்கியிருக்கா. அவதான். அந்தக் கண்ணு, அன்னைக்கு மழைல நின்னப்ப பாத்த கண்ணுதான். தூக்கிட்டாக்கா. நான் பயந்தே போயிட்டேன். வலது கையத் தூக்கியிருக்கா, நல்லா நேரா.

வலது கை.

அவ எழுதுறது அதுல இல்லக்கா.

நான்தான சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சா எழுதுற கை. தெரியலன்னா மத்த கை. ஒரு வருசத்துல ஒரு தடவகூட அவ மாத்தித் தூக்கினதில்ல, அந்த மழை நாள்லகூடத் தெரியலன்னுதான் வலது கையத் தூக்கியிருக்கா. இப்பயும் மாத்தல. இறக்காம அப்படியே வச்சுக்கிட்டு என்னையேதான் பாக்குறா. வாட்ச்மேனுக்கு என்ன தெரியும், கை தூக்கிருச்சு, போங்க டீச்சர்னு கதவத் திறந்து விட்டுட்டாரு. நீங்களும் போங்க போங்கன்னு முதுகுல கை வைக்கிறீங்க.

போறேன். இருபத்தாறு வருசமா மத்த கையத் தூக்குன பிள்ளைகளத்தான் நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். இந்தப் பையக் கொஞ்சம் வச்சிருங்கக்கா, அதுல அவ அப்பா குடுத்த கடுதாசி இருக்கு, இப்பவே எடுத்து நீட்ட வேண்டாம். நான் முதல்ல அவகிட்டப் போயி நிக்கிறேன்.